ஞாயிறு கழிந்த பிறகு: மனந்திரும்புதலை வீட்டிலும் கடையிலும் பழகுவது எப்படி?

எங்கள் சபை ஆராதனையில் பொதுப் பாவ அறிக்கை ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு அது மனப்பாடம். ஐயர் (எங்கள் பக்கத்தில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தால் போதும், வாய் தானாக ஓடிவிடும். கண்மட்டும் பக்கத்து வரிசையில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். நாற்பது வருடமாக வாராவாரம் நான் பாவி என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். "என்ன பாவம் செய்தாய்?" என்று யாராவது குறுக்கே கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

நான் போதகர் இல்லை, வேதசாஸ்திரம் படித்தவனும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். ஆணி, பைப், பெயிண்ட், உப்புத்தாள் விற்கிறவன். ஞானஸ்நானம், திடப்படுத்தல், வருடா வருடம் கன்வென்ஷன், எல்லாம் முறையாக ஆன பிறகும் வீட்டுக்குள் நுழைந்தால் அதே கோபம், அதே வாய் என்று இருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

முதலில், சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம்

அப்போஸ்தலர் 3:19-இல் "மனந்திரும்பிக் குணப்படுங்கள்" என்று இருக்கிறது. எங்கள் ஆச்சி காலத்து ஆட்கள் "அவன் குணப்பட்டுட்டான்" என்றுதான் சொல்வார்கள். இப்போது எல்லோரும் "இரட்சிக்கப்பட்டாயா?" என்று கேட்கிறோம். எனக்கு அந்தப் பழைய சொல்தான் பிடிக்கிறது. தமிழில் குணம் என்றால் இயல்பு. காய்ச்சல் விட்டால் அதுவும் குணம். ஆளின் இயல்பு மாறுவதையும் நோய் விடுவதையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். காய்ச்சல் ஒரு ராத்திரியில் விட்டாலும் உடம்பு தேற நாளாகும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இனி லூக்கா 3-ஆம் அதிகாரம். யோவான் ஸ்நானகனிடம் மூன்று கூட்டம் வந்து "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்கிறது. அவர் யாரையும் உபவாசம் இரு என்று சொல்லவில்லை. பொதுஜனத்துக்கு, இரண்டு அங்கி இருந்தால் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடு என்கிறார். வரி வசூலிக்கிறவர்களுக்கு, விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். போர்ச்சேவகருக்கு, யாரையும் இடுக்கண் செய்யாதே, பொய்யாய்க் குற்றம் சாட்டாதே, சம்பளமே போதும் என்று இரு என்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலில் எங்கே கை நீளுமோ அங்கேதான் விரலை வைக்கிறார். இந்த வழிகாட்டி முழுக்க அந்த விரலைப் பற்றியதுதான்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "கிரியையினால் அல்ல, கிருபையினால் அல்லவா?" என்று கேட்பார். எங்கள் சபையில் நிச்சயம் கேட்பார். லூக்கா 19-இல் வரும் வரி வசூல்காரன் சகேயுவின் கதையில் வரிசையைப் பாருங்கள். இயேசு முதலில் அவன் வீட்டுக்குப் போகிறார், ஒரு நிபந்தனையும் போடாமல். பாதிச் சொத்தைக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்று அவன் சொல்வது அதற்குப் பிறகுதான். விருந்தாளி வந்த சந்தோஷத்தில் பெட்டியைத் திறந்தவன் அவன். பெட்டியைத் திறந்ததால் விருந்தாளி வரவில்லை. இந்த வரிசை உங்களுக்குள் தலைகீழானால், கீழே சொல்லப்போவதெல்லாம் வெறும் தண்டனையாகிவிடும்.

படி 1: ஒரே ஒரு காரியம்

"என்னை முழுவதும் மாற்றும் ஆண்டவரே" என்பது நல்ல ஜெபம்தான். வசதியான ஜெபமும்கூட. முழுவதும் என்று சொன்னால் எதையும் குறிப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை எடுங்கள். கோபம் என்றுகூட எடுக்காதீர்கள், அது பெரிது. "ராத்திரி கடையடைத்து வந்ததும் மனைவியிடம் எரிந்து விழுவது" என்று எடுங்கள். "பொய்" வேண்டாம், "சரக்கு வராமலே நாளைக்கு வந்துரும் என்று சொல்வது" போதும். நேரம், இடம், ஆள் மூன்றும் அந்த வாக்கியத்துக்குள் இருக்க வேண்டும்.

எதை எடுப்பது என்று தெரியவில்லையா? சங்கீதம் 139-இன் கடைசி இரண்டு வசனங்களை ஜெபமாகச் சொல்லிவிட்டு, உங்களோடு குடியிருப்பவர்களைக் கேளுங்கள். "என்கிட்ட எது மாறினா உங்களுக்கு நிம்மதி?" அவ்வளவுதான் கேள்வி. பதில் வரும்போது விளக்கம் சொல்லக் கூடாது, இது கண்டிப்பு. நான் கேட்டபோது என் மகள் யோசிக்கக்கூட இல்லை. "அப்பா, நீங்க பைக் ஸ்டாண்ட் போடுற சத்தத்தை வச்சே இன்னைக்கு எப்படி இருப்பீங்கன்னு நாங்க கண்டுபிடிச்சிருவோம்" என்றாள். எனக்குத் தெரியாமல் என் வீட்டில் வானிலை அறிக்கை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

நமக்குக் கீழே இருப்பவர் சொன்னால் இன்னும் நல்லது. பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டினின் தாய் மோனிக்கா சிறுமியாக இருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சரசம் எடுத்துவர அனுப்புவார்களாம். முதலில் உதட்டில் ஒரு சொட்டு, பிறகு இரண்டு, கடைசியில் கோப்பை கோப்பையாகக் குடிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருநாள் வீட்டு அடிமைப்பெண்ணோடு சண்டை வந்தபோது அவள் ஆத்திரத்தில் "குடிகாரி" என்று திட்டிவிட்டாள். மோனிக்கா அன்றோடு விட்டாள். திட்டியவள் திருத்துவதற்காகத் திட்டவில்லை, குத்துவதற்காகத் திட்டினாள் என்பதையும் அகஸ்டினே எழுதியிருக்கிறார். கடைசியாக உங்களை யார் என்ன சொல்லித் திட்டினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பட்டியலுக்கு அது போதும்.

படி 2: புள்ளி வைக்கிற நோட்டு

இதை நான் ஒரு சேசு சபைச் சாமியாரிடம் கற்றேன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரனுக்குக் கத்தோலிக்கச் சாமியார் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அவர் கடைக்குக் குழாய் வாங்க வந்தவர். பேச்சு இங்கே வந்து நின்றது.

அந்தச் சேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். 1521-இல் பம்ப்லோனாக் கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, படுக்கையில் கிடந்த நாட்களில் மனம் திரும்பியவர். அவர் எழுதி 1548-இல் போப்பாண்டவரின் ஒப்புதல் பெற்ற ஆன்மிகப் பயிற்சிகளில் ஒன்று, ஒரே ஒரு குற்றத்தை மட்டும் கணக்குப் பார்ப்பது. முறை இதுதான். காலையில் எழுந்ததும், இன்றைக்கு இந்த ஒன்றில் விழமாட்டேன் என்று தீர்மானிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எழுந்த நேரத்திலிருந்து மணி மணியாகத் திரும்பிப் பார்த்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோட்டில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டாவது கோட்டில் அதேபோல. காலையையும் மாலையையும், நேற்றையும் இன்றையும், போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறார். விழுந்த அந்த நொடியிலேயே நெஞ்சில் கையை வைத்து மனம் வருந்து. நாலு பேர் நடுவில்கூட யாருக்கும் தெரியாமல் இதைச் செய்யலாம் என்கிறார். இதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பெயிண்ட் கம்பெனி கொடுத்த பாக்கெட் டைரியில்தான் புள்ளி வைத்தேன். முதல் நாள் நான்கு. "பரவாயில்லையே" என்று நினைத்தேன். நான்காம் நாள் பதினொன்று. கூடியது கோபம் அல்ல, கவனம். முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். அதைப் பார்த்து நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் வாரத்தில் வேறொன்று தெரிய ஆரம்பித்தது. என் புள்ளிகளில் முக்கால்வாசி ராத்திரி எட்டேகாலுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் விழுந்திருந்தன. மதியம் சரியாகச் சாப்பிடாத நாட்களில் இன்னும் நெருக்கமாக. நான் சாத்தானோடு போராடிக்கொண்டிருப்பதாக நினைத்த இடத்தில் பாதி நேரம் பசியோடு போராடிக்கொண்டிருந்திருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட ஆரம்பித்தேன். இதை ஆவிக்குரிய வாழ்க்கையில் சேர்க்கலாமா என்று கேட்காதீர்கள். புள்ளி குறைந்தது.

எப்போது தொடங்குவது? லெந்து காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், வசதி. சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை ஞாயிறுகளைக் கழித்தால் சரியாக நாற்பது நாள். லெந்து தூரத்தில் இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ராத்திரி ஒரு கோடு போடுங்கள்.

படி 3: காலை இருபது நிமிடம்

நீளமாகச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒரு சுவிசேஷத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசியுங்கள். லூக்காவில் 24 அதிகாரம், நாற்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு முப்பது வசனம்கூட வராது. வாய்விட்டு வாசிப்பது நல்லது. நம்முடைய பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பின் ஓசை காதுக்கென்றே அமைந்தது. வாசித்து முடித்து, இந்தப் பகுதியில் யாருடைய இடத்தில் நான் நிற்கிறேன் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பெரும்பாலும், தன்னை நீதிமான் என்று நினைத்துக்கொள்கிற பரிசேயனுடைய இடம்தான் காலியாக இருக்கும்.

வாக்குத்தத்தச் சீட்டுகளை, அதாவது பெட்டியிலிருந்து ஆளுக்கொன்றாக எடுக்கிற வசனத் துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வருடப்பிறப்பு ஆராதனையில் நானும் எடுக்கிறேன், பர்ஸில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டிக்குள் "நீயே அந்த மனுஷன்" என்று தீர்க்கதரிசி நாத்தான் தாவீது ராஜாவின் பாவத்தைச் சுட்டிச் சொன்ன வசனம் இருந்து நான் பார்த்ததில்லை. ஆசீர்வாத வசனத்தை மட்டும் பொறுக்கித் தின்றால் அது பாயசத்தில் முந்திரி பொறுக்குகிற கதைதான்.

படி 4: ஒப்புரவாகப் போவது

எல்லோரும் தாண்டிக் குதிக்கிற படி இது. நான் ஆறு வருடம் தாண்டிக் குதித்தேன்.

கடையில் ஒரு பையன் வேலை பார்த்தான், பத்தொன்பது வயது. ஒருநாள் கல்லாவில் 4,500 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு நானும் அவனும்தான் கடையில். கேட்டேன், இல்லை என்றான். சத்தம் போட்டேன், அழுதான். அழுததையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அரை மாதச் சம்பளப் பாக்கி 3,200 ரூபாயைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அவன் அம்மா வந்து கேட்டபோது வாசலில் வைத்து, நாலு பேர் கேட்க, "உன் பிள்ளைக்குக் கை நீளம்" என்றேன். எட்டு மாதம் கழித்து வெள்ளையடிக்க மேஜையை நகர்த்தினால், டிராயருக்குப் பின்பக்கப் பலகைச் சந்தில் ரப்பர் பேண்ட் போட்டபடி அந்தக் கட்டு கிடந்தது.

அந்தப் பணத்தை நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே காணிக்கைப் பெட்டியில் போட்டேன். முழங்கால் போட்டு அழுது ஜெபித்தேன். மன்னிப்புக் கிடைத்துவிட்டதாக நம்பினேன். பையன் வீடு என் கடையிலிருந்து மூன்று கிலோமீட்டர்.

மத்தேயு 5:23-24-ஐ நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்து என்று இருக்கிறது. நான் சகோதரனிடம் போகாமலிருக்கக் காணிக்கை போட்டேன். வசனத்தை இதைவிட நேர்த்தியாகத் தலைகீழாக்க முடியாது.

கடைசியில் ஒரு லெந்து காலத்தில் போனேன். போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பாதியை நான் தப்புச் செய்துதான் கற்றேன்.

பணக் கணக்கை முதலில் போடுங்கள். லேவியராகமம் 6-இல், அநியாயமாய் எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு என்று இருக்கிறது. 3,200-க்கு 640 கூட்டினால் 3,840. சகேயு கணக்குப்படி நாலத்தனை என்றால் 12,800. நான் பத்தாயிரம் எடுத்துக்கொண்டு போனேன். பாவப் பரிகாரத்திலும் ரவுண்டாகப் பார்க்கிற வியாபாரி புத்தி.

என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்லுங்கள். ஏன் செய்தேன் என்பதைச் சொல்லாதீர்கள். "அன்னைக்கு எனக்கு இருந்த டென்ஷன்ல..." என்று தொடங்கினால் மன்னிப்புக் கேட்பதுபோல் வழக்கு வாதாடுகிறீர்கள். "உன் மனசு புண்பட்டிருந்தா" என்பதும் வேண்டாம். புண்பட்டிருந்தா என்ன? புண்படுத்தினோம்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்லச்சொல்லி அவர்களை நெருக்காதீர்கள். அது அவர்களுடைய பொருள். பக்கத்தில் யாரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வேறு மதமாக இருந்தால், அங்கே உட்கார்ந்து சுவிசேஷம் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள். கடன் அடைக்கப் போன இடத்தில் சாமான் விற்கிற மாதிரி இருக்கும்.

அந்தப் பையன் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறான், கல்யாணமாகிவிட்டது. ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் நின்று சொன்னேன். நோட்டுக்கட்டு எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது, ஆறு வருடமாக நான் ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை, எல்லாம். அவன் கிளாஸைக் கீழே வைத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என்கிட்ட சொல்லி என்னத்துக்கு அண்ணாச்சி? அன்னைக்கு எங்கம்மைகிட்டல்லா சொன்னீய. அவகிட்ட போய்ச் சொல்லுங்க."

அவன் அம்மா திண்ணையில் தட்டை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. இலையைச் சுருட்டி, முனையை மடக்கி, நூலைக் கட்டி, அடுத்தது. முடித்ததும் சொன்னார்: "எம் பிள்ளை எடுக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். ஒங்களுக்குத் தெரிய இவ்வளவு நாளாயிருக்கு." பிறகு, பணத்தைக் கையால் தொடாமல், "அந்தப் பெயிண்ட் கடைக்காரர்ட்டயும் சொல்லுங்க. ஒங்க பேச்சைக் கேட்டுத்தான் அவரு இவனை வேலைக்கு வச்சுக்கல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கை நீளம்" என்று நான் இரண்டு கடைக்காரர்களிடமும் சொல்லியிருந்தேன். பழி எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு தூரமும் நாம் நடந்தாக வேண்டும். பையனிடம் பேசியதைவிட, என்னோடு சரிக்குச் சரி வியாபாரம் செய்கிற அந்த இரண்டு பேரிடமும் போய் "நான் பொய் சொன்னேன்" என்று சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. ஒருவர் சிரித்துவிட்டு "விடுங்க அண்ணாச்சி, எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றார். அந்த "விடுங்க"வைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்றிருந்தது. இல்லை, அவன் எடுக்கவில்லை, நான்தான் தவறாகச் சொன்னேன் என்று இரண்டாவது முறையும் சொல்லிவிட்டு வந்தேன். பணத்தைப் பையன் மறுநாள் வந்து வாங்கிக்கொண்டான். இப்போதும் என்னோடு அளவாகத்தான் பேசுவான். அது அவன் உரிமை.

போகக்கூடாத இடங்களும் உண்டு. நீங்கள் போய்ச் சொல்வதால் அவருடைய குடும்பம் உடையும், அல்லது இதுவரை அவருக்கே தெரியாத காயத்தை உங்கள் பாரம் இறங்குவதற்காக அவர் தலையில் வைக்கிறீர்கள் என்றால், முதலில் போதகரிடமோ விஷயம் தெரிந்த பெரியவரிடமோ பேசுங்கள். உங்களை அடித்த, சீரழித்த ஆளிடம் நீங்கள் ஒப்புரவாகப் போக வேண்டும் என்று இந்தப் படி சொல்லவில்லை. அடிக்கிற புருஷனிடம் "மன்னித்துத் திரும்பிப் போ" என்று பெண்களை அனுப்பிவைக்கிற சபைப் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். மன்னிப்பது வேறு, அடிவாங்க அதே வீட்டுக்குள் போவது வேறு. ஆள் இறந்துபோயிருந்தால் அவருடைய உறவினருக்குச் செலுத்தலாம். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் அதற்கும் வழி வைத்திருக்கிறது.

படி 5: காலி இடத்தில் எதை வைப்பது

அசுத்த ஆவி போன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டு வெறுமையாக இருந்தது, அது தன்னிலும் பொல்லாத வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று மத்தேயு 12-இல் இயேசு சொல்கிறார். விட்டால் மட்டும் போதாது. எபேசியர் 4:28-இல் பவுல், திருடினவன் இனித் திருடாமல் இருக்கட்டும் என்று நிறுத்தவில்லை. குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கும்படி தன் கைகளினால் வேலை செய்யட்டும் என்கிறார். எடுத்த அதே கை கொடுக்கப் பழக வேண்டும்.

ஆக, நீங்கள் எடுத்த அந்த ஒரு காரியத்துக்கு நேர் எதிரான சின்னச் செயல் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். எரிந்து விழுகிறவன் வீட்டுக்குள் நுழைந்ததும் பத்து நிமிடம் வெங்காயம் உரிக்கலாம். நான் அதைத்தான் செய்கிறேன். கையில் வேலை இருந்தால் வாய் கொஞ்சம் அடங்குகிறது. புறம் பேசுகிறவர், யாரைப் பற்றிப் பேசினாரோ அவருடைய நல்ல காரியம் ஒன்றை அதே ஆளிடம் சொல்லலாம். கஞ்சத்தனம் என்றால் பிடியரிசிப் பழக்கம் இருக்கிறது: உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, மாதக் கடைசியில் கொடுத்துவிடுவது. எங்கள் ஆச்சி சாகும்வரை போட்டாள்.

வேலைநேரத்தில் ஜெபிக்க நேரம் இல்லை என்பவர்களுக்கு, பாரிஸில் கார்மேல் மடத்துச் சமையல்கட்டில் பல வருடம் வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸை நினைவூட்டுகிறேன். 1691-இல் இறந்தார். அவருக்குச் சமையல் வேலை இயல்பிலேயே பிடிக்காது. இருந்தும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே இருப்பதும் ஜெபத்தில் இருப்பதும் தனக்கு ஒன்றுதான் என்று சொல்லும் நிலைக்கு வந்தார். நான் இன்னும் வரவில்லை. கடை ஷட்டரைத் தூக்கும்போதும் இறக்கும்போதும் ஒரு வரி ஜெபம், அவ்வளவுதான் என் கணக்கு.

படி 6: ஒரு ஆள்

1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்களுக்கு ஆராதனைக் கட்டடக் கடன் இருந்தது. தலைக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம், பன்னிரண்டு பேருக்கு ஒருவர் போய் வாங்கட்டும், கொடுக்க முடியாதவருக்கு அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். வாராவாரம் வீடு வீடாகப் போனவர்கள் காசோடு வேறு செய்திகளும் கொண்டுவந்தார்கள்: இன்னார் குடிக்கிறார், இன்னார் வீட்டில் சண்டை. கடன் வசூலுக்கு வைத்த ஏற்பாடு, வாரம் ஒருமுறை உட்கார்ந்து "உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?" என்று கேட்கிற கூட்டமாக மாறிவிட்டது. மெதடிஸ்ட் இயக்கம் நின்றது பிரசங்கத்தால் மட்டும் அல்ல, இந்த வாரக் கூட்டத்தாலும்தான்.

உங்களுக்குப் பன்னிரண்டு பேர் வேண்டாம், ஒருவர் போதும். யாக்கோபு 5:16 சொல்லும் "ஒருவருக்கொருவர்" அதுதான். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், நோட்டைத் திறந்து காட்ட வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். நம் ஊரில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊர் சுற்றாத ரகசியம் இல்லை. "தம்பிக்காக ஜெபிச்சுக்கோங்க, என்னன்னு சொல்லமாட்டேன், ஆனா..." என்று ஆரம்பிக்கிறவர் எவ்வளவு நல்ல விசுவாசியாக இருந்தாலும் இதற்கு ஆகமாட்டார். என் ஆள் எங்கள் சபை டீக்கன்கூட இல்லை, ஒரு ஓய்வுபெற்ற கண்டக்டர். அதிகம் பேசமாட்டார். டைரியைப் பார்த்துவிட்டு "வியாழக்கிழமை என்னடே ஆச்சு?" என்பார்.

படி 7: விழுந்தால், வறண்டால்

விழுவீர்கள். ரோமர் 7-இல் பவுலே விழுகிறார். விழுந்த நாளிலும் புள்ளி வையுங்கள். எபேசியர் 4:26 சொல்கிறபடி சூரியன் அஸ்தமிப்பதற்கு முன்னால் எரிச்சலை முடித்துக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால் தூங்குவதற்கு முன்பாவது.

வறட்சி வேறு. ஜெபம் வாய்க்குள் மணல் மாதிரி இருக்கும் மாதங்கள் உண்டு. எலியா, கர்மேல் மலையில் அக்கினி இறங்கிய கையோடு, சூரைச்செடியின் கீழ்ப் படுத்து சாக வேண்டும் என்றான். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடு என்றான். தூங்கவிட்டு, திரும்ப எழுப்பி, திரும்பச் சாப்பிடு என்றான். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் அது விசுவாசக் குறைவு அல்ல. மனநல டாக்டரைப் பாருங்கள். குடியும் அப்படியே. பல வருடம் தினமும் குடித்தவர் கூட்டத்தில் சாட்சி சொல்லிவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புவரை போகலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் துணையோடு நிறுத்தட்டும். சாட்சி பிறகு சொல்லலாம்.

மாறியிருக்கிறோமா என்று எப்படித் தெரியும்?

உங்களைக் கேட்டால் தெரியாது. ஆறு மாதம் கழித்து, படி 1-இல் கேட்ட அதே ஆட்களிடம் அதே கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். பதில் வேறாக இருந்தால் அடுத்த காரியத்தை எடுங்கள். என் மகள் "ஸ்டாண்ட் சத்தம் குறைஞ்சிருக்கு, ஆனா போன் பேசுற சத்தம் கூடியிருக்கு" என்றாள். அது இப்போதைய நோட்டில் ஓடுகிறது.

போன வாரம் புதுப்பையன் ஒருவன், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நாலு லிட்டர் எனாமல் டப்பாவை மூடி தளர்ந்திருந்ததைப் பார்க்காமல் தூக்கி, கல்லா மேஜை, பில் புக், என் வேட்டி எல்லாவற்றிலும் கவிழ்த்துவிட்டான். வாய் திறந்து முதல் சொல் வந்துவிட்டது. இரண்டாவது சொல்லுக்கு முன் இஞ்ஞாசியார் நினைவு வந்து நெஞ்சில் கையை வைத்தேன். நாலு பேர் நடுவில்கூட யாருக்கும் தெரியாது என்றல்லவா எழுதியிருக்கிறார்?

பையன் முகம் வெளுத்து, துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். "அண்ணாச்சி, நெஞ்சு வலிக்கா? ஆட்டோ கூப்பிடவா?"

"ஒண்ணுமில்லடே" என்றேன். "டர்பன்டைன் எடு. காயிறதுக்குள்ள துடைப்போம்."